லூர்துராஜ் அண்ணன் நடந்த தெருக்கள்

மண்ணூரில் எங்கள் தெருவில் லூர்துராஜ் அண்ணனைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் ஏன் நடக்கிறார் என்று தெரிந்தவர்கள்தான் குறைவு. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். இப்போது ஒரு அம்மாவுக்கும் தெரியும். அந்த அம்மா எழுதிக்கோ என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவர். முதலில் செங்கல் லாரி, அப்புறம் தண்ணி லாரி. இந்தப் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிற பஸ். நான் வேலை செய்கிற கேன்டீன் இருக்கிற கம்பெனிக்குத்தான் அந்த பஸ் போகும். ஒரகடத்தில் ஆறரைக்கு ஷிப்ட் தொடங்கும். நான் மண்ணூரில் ஐந்து பத்துக்கு ஏறுவேன். அண்ணன் கண்ணாடிக்கு மேலே ஒரு மாதா படம் ஒட்டியிருப்பார். அதைப் பார்த்து ஜெபமாலையைக் கையில் எடுத்தால் கம்பெனி கேட் வருவதற்குள் முடித்துவிடுவேன்.

அவர் சீட்டுக்கு நேர் பின்னால் சுகப்பிரியா என்ற பெண் உட்காருவாள். பத்தொன்பது வயது. வல்லம் வடகாலுக்கு முன்னால் தண்ணித் தொட்டி ஸ்டாப்பில் ஐந்து நாற்பதுக்கு ஏறுவாள். அங்கே நாலைந்து பெண்களாக ரூம் எடுத்துத் தங்கியிருந்தார்கள். கான்ட்ராக்ட் வேலை. ஏறினதும் வாய் மூடாது. அவள் அம்மா சென்னையில் வீடுகளில் சமையல் செய்கிறதையும், ஞாயிற்றுக்கிழமை தான் அங்கே போய்த் தூங்குகிறதையும் சொல்லிக்கொண்டே வருவாள்.

"அங்க தூங்கவே முடியாதுண்ணா. ஒரு பக்கம் ரயிலு, ஒரு பக்கம் உங்க கோயில் மணி. ரெண்டும் சேந்து வரும் பாரு, வூடே எழுந்து ஒக்காந்துக்கும்."

வாசலில் ஒரு அடிபம்பு இருக்கிறதாம். அதற்கு இரும்புக் கைப்பிடி போய், சவுக்குக் கட்டை கட்டியிருக்கிறார்களாம். விருந்தாளி வந்தால் அந்தக் கட்டை கையோடு வந்துவிடும் என்று சொல்லிச் சிரிப்பாள். அண்ணனும் சிரிப்பார். அவருக்குப் பெண் பிள்ளை இல்லை.

இந்தப் பக்கம் கான்ட்ராக்ட் பிள்ளைகளுக்குப் பதினோரு மாசம் ஆனால் 'பிரேக்' என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். அப்படி நிற்கிற பிள்ளைகள் கடைசி நாள் பஸ்ஸில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுப்பது வழக்கம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு சனிக்கிழமை, சுகப்பிரியாவும் கொடுத்தாள். அண்ணனுக்கு மட்டும் இரண்டு. அவர் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றை மாதா படத்துக்குக் கீழே வைத்தார். எனக்குக் கொடுக்கும்போது, அம்மாவிடம் போய் ஒரு மாசம் தூங்கப் போகிறேன் என்றாள். சாயங்காலமே அண்ணன், எந்த ஸ்டாப்பில் யார் ஏறுவார்கள் என்று எழுதி வைத்திருக்கிற தாளில் அவள் பெயரை அடித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை தண்ணித் தொட்டி ஸ்டாப்பில் அவள் நின்றிருந்தாள். தோளில் பை இருந்தது. மற்ற பெண்களுக்கு அந்த வாரம் வேறு ஷிப்ட், அதனால் தனியாகத்தான் நின்றாள். அண்ணன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

"ஊருக்குப் போவுது பாருண்ணா. ஒரு ஹாரன் அடிச்சு அனுப்பு" என்று நான்தான் சொன்னேன்.

அண்ணன் இரண்டு ஹாரன் அடித்தார். பஸ் போய்விட்டது. அவள் கையைத் தூக்கினதையும் இரண்டு அடி ஓடி வந்ததையும் நான் ஜன்னலில் பார்த்தேன். நல்ல பிள்ளை, நம் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டு ஜெபமாலையில் அடுத்த மணிக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆர்டர் அதிகம் வந்ததால், இன்னும் ரூமிலேயே இருந்தவளைக் கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது எங்களுக்குத் தெரியாது. முதல் நாளே வராவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அவள் பஸ் போன வழியிலேயே நடக்க ஆரம்பித்திருக்கிறாள். அரை கிலோமீட்டர் போவதற்குள் ஒரு டிரெய்லர் லாரி அடித்துவிட்டது, அங்கேயே உயிர் போய்விட்டது.

போலீஸ் விசாரிக்க வந்தபோது கான்ட்ராக்ட் ஆபீஸ் ஆள் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, ஸ்டாப்பில் யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு, பெண் லேட்டாக வந்திருக்கிறாள் என்று முடிந்துவிடும் என்றார். அண்ணன் அப்படியே சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சிலுவைப்பாதைக்குப் போகிற வெள்ளிக்கிழமை ஒவ்வொன்றிலும் இதை நினைக்கிறேன்.

அதற்கடுத்த நாளிலிருந்து அண்ணன் தண்ணித் தொட்டி ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தினார். அங்கே யாரும் நிற்கவில்லை. கதவைத் திறந்தார். ஒரு ஆள் ஏறி உட்காருகிற நேரம் ஆனது. கதவைச் சாத்தினார். மறுநாளும் அப்படித்தான். வெல்டிங் பிரிவில் வேலை செய்கிற புருஷோத்தமன் எதற்கும் வாயடிக்கிறவன். மூன்றாம் நாள் பின்னாலிருந்து, "இன்னா டிரைவரே, பேய்க்கெல்லாம் ஸ்டாப்பிங் குடுக்கிறியா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் கண்ணாடியில் அவனைப் பார்க்கக்கூட இல்லை. அன்றிலிருந்து அவர் பின்னால் இருந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை. நின்றுகொண்டு வந்தார்கள்.

ஒன்பது நாள் ஓட்டினார். பத்தாம் நாள் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினவர்தான், அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியிலும் ஏறவில்லை. பஸ், ஆட்டோ, மகனுடைய பைக், எதிலும் இல்லை. பொய் சொல்லச் சொன்ன அதே கான்ட்ராக்ட் ஆபீஸ் ஆள் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை போட்டுக் கொடுத்தார். அதற்கும் நடந்தே போய் வந்தார். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் சென்னைக்குக் கிளம்பிவிடுவார். அதுவும் நடந்துதான். தண்டலம், செம்பரம்பாக்கம், நசரத்பேட்டை என்று போய், பூந்தமல்லியில் ஒரு கோயில் வராந்தாவில் படுத்து, விடிந்ததும் ஊருக்குள் நுழைவார். திங்கட்கிழமை வீங்கின காலோடு வருவார்.

எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் எல்லோரும் அதை நேர்ச்சை, மாதாவுக்குச் செய்த வேண்டுதல் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் வீட்டுக்காரம்மா மட்டும் சலித்துக்கொள்வார்.

"மாதாகிட்ட இவரு இன்னா கேட்டாரோ தெரில. வரம் கெடச்சது என்னமோ செருப்புக் கடக்காரனுக்குத்தான்."

நானும் பாவப்பரிகாரம் என்றுதான் நினைத்தேன். போன வருஷம் ஆகஸ்ட் கடைசியில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்கு எங்கள் பங்குக் கோயிலிலிருந்து காவி உடுத்தி நடந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சனிக்கிழமை பூந்தமல்லியில் தங்கி, நாலரைக்கு எழுந்து, போரூர் தாண்டி கிண்டி வந்தோம். அண்ணன் கூட்டத்தோடு வந்தாலும் அடிக்கடி பின்தங்குவார். ஒரு சந்து வாசலில் நிற்பார். தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு ஓடி வந்து சேருவார்.

சைதாப்பேட்டையில் கூட்டம் காப்பி குடிக்க நின்றது. அண்ணன் ரயில் பாலத்துப் பக்கம் ஒரு சந்துக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணோட அம்மாவ" என்றார்.

சுகப்பிரியாவின் சொந்த ஊருக்கு அவர் முதலிலேயே நடந்து போயிருக்கிறார், திண்டிவனம் தாண்டி, நாலு நாள். வீடு பூட்டியிருந்தது. அம்மா சென்னையில் எங்கேயோ என்றார்கள். ரூமில் இருந்த பெண்கள் ஒவ்வொரு கம்பெனியாகச் சிதறிவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆபீசில் விலாசம் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். அவரிடம் இருந்ததெல்லாம் அவள் பஸ்ஸில் சொன்னது மட்டும்தான். ரயிலும் மணியும் சேர்ந்து கேட்கிற வீடு, வாசலில் சவுக்குக் கட்டை போட்ட பம்பு.

"பஸ்ல போனா இன்னா கேக்கும் புஷ்பம்? எஞ்சின் சத்தம்தான் கேக்கும். நடந்தாத்தான் காது தொறக்குது."

பதினாறு மாசமாக ரயில் போகிற இடமெல்லாம் நடந்திருக்கிறார். பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம், சேத்துப்பட்டு, கோடம்பாக்கம், பழவந்தாங்கல். எந்தத் தெருவில் எந்த வீட்டு நாய் படுத்திருக்கும், எங்கே சாக்கடை மூடி உடைந்திருக்கும், எந்த டீக்கடையில் உட்கார விடுவார்கள் என்று மனப்பாடமாகச் சொன்னார். நானோ சென்ட்ரலையும் பீச்சையும் தவிர ஒன்றும் பார்த்ததில்லை. இத்தனை பெரிய ஊரில் இவ்வளவு பேர் பம்புத் தண்ணி அடிக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே நடப்பாராம்.

பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். சந்துக்குள் போனால் அவருக்குப் பின்னால் சேஃப்டி ஷூ போட்டு நடக்கிற சத்தம் வருமாம். கம்பெனியில் லைனில் நிற்கிற பிள்ளைகள் போடுகிற கனமான ஷூ. அவர் நின்றால் நிற்குமாம். நடந்தால் வருமாம். முதலில் பயந்திருக்கிறார். அப்புறம் சத்தம் வராத தெருவில்தான் பயம் வந்ததாம், அந்தப் பிள்ளை எங்கேயோ பின்தங்கிவிட்டாளோ என்று.

நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. கேன்டீனில் என்னோடு வேலை செய்தவள் மந்தைவெளிக்குக் கல்யாணமாகிப் போனாள். அவள் வீட்டுப் பக்கம் தலைக்கு மேலே ரயில் போகும்.

"அண்ணா, பறக்கும் ரயில் பக்கம் பாத்தியா?"

அவர் என்னைப் பார்த்தார். தரையில் ஓடுகிற ரயிலை மட்டும்தான் அவர் பின்தொடர்ந்திருக்கிறார்.

கூட்டத்தை அடையார் பக்கம் அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் பிரிந்தோம். கோட்டூர்புரம் பாலத்தில் நல்ல வெயில். ஆற்றில் தண்ணீர் கறுப்பாக நின்றது. காவிப் புடவையைப் பார்த்து ஒரு கரும்பு ஜூஸ்காரர் காசு வாங்காமல் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். மந்தைவெளி போனதும் கால்வாயை ஒட்டி, ரயில் தூண்களுக்குக் கீழே, ஒவ்வொரு சந்தாக நுழைந்தோம். பம்புகள் நிறைய இருந்தன. எல்லாவற்றுக்கும் இரும்புக் கைப்பிடி. ஒரு குறுகல் சந்தில் போகும்போது என் பின்னாலும் கனமாக ஒரு காலடி கேட்டது. திரும்பினேன். ஒரு பூனை மட்டும் சுவரில் உட்கார்ந்திருந்தது. அண்ணன் திரும்பவில்லை. "கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார். நான் அவரை ஒட்டி நடந்தேன்.

சரியாகப் பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடித்தது. காலை, மத்தியானம், சாயங்காலம் சொல்கிற திரிகால ஜெபத்துக்கு அடிக்கிற மணி. எங்கே இருந்தாலும் அந்த மணிக்கு நான் நின்றுவிடுவேன். அண்ணனும் நின்றார். இத்தனை நாளும் அவர் ஞாயிறு காலைப் பூசை மணிக்கு மட்டும்தான் காது கொடுத்திருக்கிறார், இந்த மத்தியான மணியை நினைக்கவில்லை. நான் கண்ணை மூடி, ஆண்டவருடைய சம்மனசு என்று ஜெபத்தைத் தொடங்கினேன். அதற்குள் தலைக்கு மேலே ரயில் வந்தது. மணியும் ரயிலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நெஞ்சுக்குள் அடித்தன. கண்ணைத் திறந்தபோது அண்ணன் ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பம்பு இருந்தது. சவுக்குக் கட்டை, சைக்கிள் ட்யூப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

லீலா என்பது அந்த அம்மாவின் பெயர். என் வயதுதான் இருக்கும். காவித்துணியைப் பார்த்துவிட்டு, காணிக்கை கேட்க வந்திருக்கிறோம் என்று ஐந்து ரூபாயை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே சுவரில் சுகப்பிரியா மாலைக்குள் இருந்தாள். அண்ணன் படியேறவில்லை. பம்பைப் பிடித்துக்கொண்டு, நான் அந்தப் பொண்ணு வேலைக்குப் போன பஸ்ஸோட டிரைவர் என்றார். அந்த அம்மா காசை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"பஸ்ஸ உட்டுட்டா, லேட்டா வந்தான்னு சொன்னாங்களே, அந்த பஸ்ஸா?"

"லேட்டா வர்லம்மா. டயத்துக்கு முன்னாடியே நின்னுகினு இருந்தா. நான் பாத்தேன். நான்தான் நிறுத்தல."

பிரேக், சாக்லேட், அடித்த பெயர், இரண்டு ஹாரன், கடைசியில் பார்க்கவில்லை என்று பொய் சொன்னது, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னார். ஹாரன் அடிக்கச் சொன்னது நான் என்று நானும் சொன்னேன். அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எத்தினி மணிக்கு?"

"அஞ்சு முப்பத்தெட்டும்மா."

"அப்போ லேட் இல்ல."

"இல்லம்மா."

மறுபடியும் கேட்டார். அண்ணன் மறுபடியும் சொன்னார். அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அன்று காலை ஐந்தே காலுக்கு அவர் மகளுக்குப் போன் போட்டிருக்கிறார். திரும்ப அந்த வேலைக்குப் போகாதே, வந்துவிடு என்று பத்து நிமிஷம் சண்டை. தான் பிடித்து வைத்துப் பேசினதால்தான் பிள்ளை பஸ்ஸை விட்டாள் என்று அத்தனை நாளும் நினைத்திருக்கிறார். அதற்குப் பிறகு காலை நேரத்தில் அவர் போனைத் தொட்டதே இல்லையாம். அடித்தாலும் எடுக்க மாட்டாராம். சில நாள் ஐந்தே காலுக்கு அது தானாக அடிக்கிற மாதிரி இருக்கும், பார்த்தால் அணைந்து கிடக்கும் என்றார்.

பிறகு எழுந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

"தண்ணி குடிங்க. ரொம்ப தூரம் நடந்துகினு வந்துக்கிறீங்க. குடிச்சிட்டு, போலீஸ்ல போயி அத மாத்தி எழுதிக் குடுங்க. எம் பொண்ணு லேட்டா வர்லன்னு எழுதிக் குடுங்க."

செவ்வாய்க்கிழமை அண்ணன் எழுதிக் கொடுத்தார். சாட்சி என்று நான் கையெழுத்துப் போட்டேன். இத்தனை நாள் கழித்து எதற்கு என்று அங்கே கேட்டார்கள். தாளை வாங்கி ஒரு கட்டுக்குள் வைத்தார்கள். அவ்வளவுதான். மூன்றாம் நாள் குடோனில் அண்ணனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். மறுநாளே அவர் வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டு இட்லிக் கடைக்கு மாவாட்டப் போனார்.

கையெழுத்துப் போட்ட தாளின் நகலை அண்ணன் நடந்தே கொண்டுபோய் லீலாம்மாவிடம் கொடுத்தார். அவர் அதை மகள் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, அந்த ஸ்டாப்பைப் பார்க்க வேண்டும் என்றார்.

அடுத்த ஞாயிறு லீலாம்மா எங்கள் வீட்டில் வந்து தங்கினார். ராத்திரி என் ஜெபமாலை முடிகிற வரைக்கும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கம்பெனி பஸ்ஸில் வெளியாள் ஏறக் கூடாது. அதனால் விடியற்காலை ஆட்டோ வைத்து அவரைத் தண்ணித் தொட்டி ஸ்டாப்புக்கு அனுப்பிவிட்டு நான் வழக்கம்போல் பஸ்ஸில் ஏறினேன். அண்ணன் எங்கள் எல்லோருக்கும் முன்னாலேயே நடந்து போய்விட்டார்.

இப்போது ஓட்டுகிறவன் சிவசங்கர், தெற்கே சாத்தூர்ப் பக்கத்துப் பையன். அவன் புதிதாக வந்தபோது அந்த ஸ்டாப்பில் நிற்காமல் போகப் பார்த்தான். அன்று பஸ் தகரத்தைத் தட்டி நிறுத்தச் சொன்னது புருஷோத்தமன்தான். ஏன் என்று கேட்டதற்கு, "நிறுத்துப்பா. கதவத் தொற. கொஞ்ச நேரம் நில்லு. அவ்ளோதான்" என்றான். அன்றிலிருந்து சிவசங்கரும் நிறுத்துகிறான். லீலாம்மா வந்த நாள் வரைக்கும் லூர்துராஜ் அண்ணனுக்கு இது தெரியாது. நான் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ரோட்டு வளைவில் வரும்போதே இருவரும் தெரிந்தார்கள். லீலாம்மா ஸ்டாப்பில் நின்றார். அண்ணன் பத்தடி தள்ளிப் புளியமரத்தடியில் நின்றார். பஸ் போய்விடும் என்று நினைத்திருப்பார்கள். சிவசங்கர் வழக்கம்போல் நிறுத்தினான். கதவு திறந்தது.

லீலாம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. திறந்த கதவையும் உள்ளே இருந்த எங்களையும் பார்த்தார். பிறகு டிரைவருக்குப் பின்னால் காலியாக இருந்த சீட்டைப் பார்த்தார். இத்தனை பேர் நின்றுகொண்டு வரும்போது அது ஏன் காலியாக இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. படியில் ஒரு கால் வைத்து ஏறி, குனிந்து அந்த சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"தினமுமா?" என்று என்னைக் கேட்டார்.

தினமும் என்றேன்.

இறங்கினார். கதவை உடனே சாத்த சிவசங்கருக்குக் கை வரவில்லை. பஸ் நகர்ந்தபோது நான் பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அண்ணன் மரத்தடியை விட்டு ரோட்டுக்கு வந்திருந்தார், பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு.

அவர் இன்னமும் வண்டி ஏறுவதில்லை. மாசம் ஒரு ஞாயிறு மந்தைவெளி வரைக்கும் நடந்து போய், பம்படியில் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார். அந்த ஷூ சத்தம் இப்போதும் கேட்கிறதா என்று ஒருநாள் கேட்டேன்.

"கேக்குது புஷ்பம்" என்றார். "ஆனா இப்போ முன்னாடி போவுது."